பொருளியலுக்கு ஒரு நல்ல டியூஷன் ஆசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

முன்னுரை

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளியல் பயிலும் மாணவர்களுக்கு இதனை அடிக்கடி நினைவூட்ட வேண்டியுள்ளது. விலை, கூலி, கடன், வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேசும் பாடம் பொருளியல். இந்த நான்கும் நாள்தோறும் நம் வீட்டு வாசற்படியில் வந்து நிற்பவை. ஆயினும் அவற்றையே வினாத்தாளில் கண்டால் அஞ்சுகிறோம். கற்பிக்கும் முறையே இதற்குப் பெரிதும் காரணம் என்பது என் எண்ணம்.

நான் இப்போது பயில்வது புள்ளியியல். மேல்நிலை வகுப்பில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வணிகக் கணிதம் கொண்ட பிரிவில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் ஒரு டியூஷன் ஆசிரியைக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐவருக்கு நானும் பொருளியல் சொல்லித் தருகிறேன். கற்றவன், கற்பிப்பவன் என்னும் இரு நிலைகளிலும் நான் கண்டவற்றை இங்கே எழுதத் துணிகிறேன். பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊரும் என் முதல் டியூஷனும்

எங்கள் ஊர் சடையங்குப்பம். மணலிக்கு வடக்கே, கொசஸ்தலையாற்றுக்கு அருகில் உள்ளது. தனி ஊராட்சியாக இருந்து 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊர். ஆற்றில் வெள்ளம் பெருகினால் தெருவில் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் யார்டுகளும், மறுபக்கம் ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் இருப்பதால், எங்கள் ஊரில் ஒரே வீட்டிலேயே இரண்டு தொழில்கள் உண்டு. என் தந்தையார் ஒரு யார்டில் ஒப்பந்தக் கூலி. தாயார் கழிமுகத்து இறாலும் நண்டும், அவை கிடைக்காத நாளில் காசிமேட்டு மீனும் வாங்கிக் கூடையில் வைத்து விற்பவர்.

பதினோராம் வகுப்பில் நான் பொருளியலில் பின்தங்கினேன். தாயார் எங்கோ விசாரித்து, மாதம் 600 ரூபாய்க்கு ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரே அறையில் நாற்பது பேர் இருந்தோம். ஆசிரியர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். ‘முக்கிய வினா’ என்று சிவப்பு மையால் கோடிடச் சொல்வார். நானும் கோடிட்டேன், மனப்பாடமும் செய்தேன். காலாண்டுத் தேர்வில் 90க்கு 41 வந்தது. வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவர் வேறென்ன செய்ய இயலும்? 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாணவர் தனிப்பயிற்சிக்குச் செல்கிறார். இத்தனை பேர் இத்தனை பணம் செலவிடும் ஒரு பொருளுக்கு நல்லது எது, கெட்டது எது என்னும் அளவுகோல் நம்மிடம் இல்லையே என்பதுதான் என் கவலை.

அந்த டியூஷனை நிறுத்திய பிறகு எங்கள் தெருவிலேயே ஓர் அக்காவிடம் சேர்ந்தேன். அவர் பி.ஏ. பொருளியல் படித்தவர். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர். மாலை 5 முதல் 7 வரை சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவார். அவர்கள் சென்றபின் அதே திண்ணையில் மேல்நிலை மாணவர் நால்வர் அமர்வோம். ஒரு நல்ல பொருளியல் ஆசிரியருக்கு வேண்டிய பண்புகளை அந்தத் திண்ணையில்தான் கண்டேன். அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

1. நோய் எதுவென முதலில் அறிதல்

முதல் நாள் அக்கா பொருளியல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “300 ரூபாய் 330 ஆனால் எத்தனை விழுக்காடு ஏற்றம்?” என்று கேட்டார். எனக்கு வரவில்லை. ‘தேவை நெகிழ்ச்சி’ என்னும் பாடம் எனக்குப் புரியாமற்போன காரணம் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வராதது விழுக்காடு. ஏழாம் வகுப்பில் விட்ட பாடத்துக்காகப் பதினோராம் வகுப்பில் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மாலைகள் விழுக்காடு மட்டுமே நடந்தது. அதன்பின் நெகிழ்ச்சிக்கு ஒரு மாலையே போதுமானதாயிற்று.

இது அக்காவின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. மும்பையிலும் வடோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு ‘பால்சகி’ என்னும் முறையை நடத்தியது. மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் தனியே அழைத்து, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் அவர்கள் விட்ட இடத்திலிருந்து கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் அதன் பயனை அளந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. மிகவும் பின்தங்கியவர்களுக்கே மிகுதியான பயன் கிட்டியது. பானர்ஜியும் டுஃப்லோவும் 2019இல் மைக்கேல் கிரெமருடன் நோபல் பரிசு பெற்றதை நாம் அறிவோம். பெரிய பட்டம் பெற்றவர்தாம் நல்ல ஆசிரியர் என்பதில்லை. மாணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்து அந்தப் படிக்கு இறங்கி வருபவரே நல்லாசிரியர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

2. ஊரிலிருந்து பாடத்திற்கு வருதல்

விழுக்காடு வந்தபின் அக்கா என் தாயாரின் கூடையையே பாடமாக்கினார். “இறால் கிலோ 300க்கு விற்றால் ஒரு நாளில் எவ்வளவு போகும்?” என்று தாயாரைக் கேட்டு வரச் சொன்னார். 20 கிலோ என்றார் தாயார். 330க்கு விற்றால்? 15 கிலோ தேறுவதே கடினம் என்றார். விலை 10 விழுக்காடு ஏற, விற்பனை 25 விழுக்காடு இறங்குகிறது. ஆகவே நெகிழ்ச்சி 2.5. வரவு 6,000 ரூபாயிலிருந்து 4,950 ரூபாயாகக் குறைகிறது. கணக்குப் போட்டு முடித்து நான் பெருமையோடு தாயாரிடம் காட்டினேன். “இதுக்கு இன்னாத்துக்குடா பேப்பரு? முப்பது ரூபா ஏத்துனா ஆயிரம் ரூபா பூடும்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

அதே தெருவில் கேன் தண்ணீர் விலை 10 விழுக்காடு ஏறினாலும் எந்த வீட்டிலும் ஒரு கேன் குறைவதில்லை. குடிதண்ணீருக்கு மாற்று இல்லை. இறாலுக்கு முட்டை உண்டு, கருவாடு உண்டு. மாற்றுப் பொருள் இருந்தால் நெகிழ்ச்சி மிகும் என்னும் விதியை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

இந்த வழிக்கு நம் சென்னையிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வினாப்பட்டியல் கொடுத்து எழுதி வரச் செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய ஊர்கள் அவ்வாறு ஆராயப்பட்டன. அவ்வாய்வுகளை அவர் தொகுத்து 1918இல் நூலாக்கினார். பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் 1930களில் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். அதற்குப் பின்னரும் ஆய்வாளர்கள் அவ்வூர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றுள்ளனர். ஒரு நல்ல ஆசிரியர் தந்த வீட்டுப்பாடம் ஒரு நாட்டின் ஆவணமாயிற்று!

ஸ்லேட்டருக்கு நம் ஊர்கள் புதியவை. ஆகவே அவர் மாணவர்களிடம் கேட்டார். நம் ஊரை நன்கறிந்த நாமோ கேட்க மறந்துவிடுகிறோம்.

3. சூத்திரத்தைத் தமிழில் சொல்ல வைத்தல்

புள்ளியியல் மாணவனாகிய எனக்குச் சூத்திரங்கள் மீது இயல்பாகவே ஆசை உண்டு. டியூஷன் எடுக்கத் தொடங்கிய புதிதில் பலகை முழுதும் சூத்திரம் எழுதினேன். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நன்றாகக் கற்பிப்பதாக எண்ணி மகிழ்ந்தேன். ஒரு நாள் “இதை உன் பாட்டிக்குச் சொல்வது போல் சொல்” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் விழித்தாள். ஐவரும் விழித்தார்கள்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்ஃபிரட் மார்ஷல் கணிதத்தில் தேர்ந்தவர். அவர் 1906ஆம் ஆண்டு பௌலி என்னும் புள்ளியியல் அறிஞருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், முடிவு கிடைத்ததும் அதை மக்கள் மொழியில் பெயர்க்க வேண்டும், வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுத் தர வேண்டும், பிறகு கணிதத்தைக் கொளுத்திவிடலாம் என்பது அதன் சாரம். ஆசிரியர் அறைச் சுவர்களில் எழுதி மாட்டத்தக்க அறிவுரை இது. நான் இன்னும் கணிதத்தைக் கொளுத்தவில்லை. பாட்டிக்குச் சொல்லும் பயிற்சியை மட்டும் நாள்தோறும் வைத்திருக்கிறேன்.

4. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளுதல்

இதனை நான் கற்ற நாளை மறக்க இயலாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. வெள்ளம் வடிந்து திண்ணை காய்ந்ததும் அக்கா அதையே பாடமாக எடுத்தார். “அளிப்பு குறைந்தால் விலை என்ன ஆகும்?” என்றார். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவதை அறிந்தவர்கள் நாங்கள். “ஏறும்!” என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னோம். “சரி” என்றார் அக்கா.

வெறுங்கூடையோடு வந்த என் தாயார் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா சொல்லித் தர? எங்க ஏறிச்சு வெல? வாங்க ஒரு ஆள் இல்ல. காசிமேட்டு மீனத்தான் கூடைல வச்சிருந்தேன். எண்ணூரு மீனான்னு கேட்டுட்டுப் போய்ட்டே இருந்தாங்க. பாதி வெலைக்குக் குடுத்தும் மிச்சத்தக் கொட்டிட்டு வரேன்.”

திண்ணையில் ஒரு நிமிடம் அமைதி. வேறொருவராக இருந்தால், “புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது” என்று சமாளித்திருக்கலாம். படிக்காதவர் பேச்சு என்று தள்ளியும் இருக்கலாம். அக்கா, “நான் சொன்னது தப்பும்மா. ஒரு பக்கத்தைத்தான் பார்த்தேன். நாளைக்குச் சரியாச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் இரண்டு கோடுகளையும் எங்களையே வரையச் சொன்னார். மீன் வரத்துக் குறைந்ததால் அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது. எண்ணெய்க்கு அஞ்சி மக்கள் வாங்காததால் தேவைக் கோடும் இடப்பக்கம் நகர்கிறது. இரண்டும் ஒருங்கே நகர்ந்தால் விற்பனை அளவு குறைவது உறுதி. விலை ஏறுமா இறங்குமா என்பதோ எந்தக் கோடு மிகுதியாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. தாயாரின் கூடைக்கு விலை இறங்கியது. ஆகவே அச்சத்தால் குறைந்த தேவையே பெரிது என்று நாங்களே முடிவுக்கு வந்தோம். தடைக்காலத்தில் ஒரு கோடுதான் நகர்கிறது. அதனால்தான் அப்போது விலை ஏறுகிறது.

அன்று நான் கற்றது இரண்டு பாடங்கள். ஒன்று கோடுகளைப் பற்றியது. மற்றொன்று, தவற்றை ஒப்புக்கொண்ட ஆசிரியர் மீது மாணவனுக்கு மதிப்புக் குறைவதில்லை, கூடுகிறது என்பது. என் தாயாரும் அன்றிலிருந்து மாலையில் திண்ணையோரம் வந்து அமரத் தொடங்கினார்.

5. உண்மையையும் கருத்தையும் பிரித்துக் காட்டுதல்

எண்ணெய் பரவிய அந்த வாரம் எங்கள் வீட்டில் சண்டை. ஆலைகளே வேண்டாம் என்றார் தாயார். ஆலைகளும் துறைமுகமும் இல்லையென்றால் யார்டும் இல்லை, கூலியும் இல்லை என்றார் தந்தையார். நான் அக்காவிடம் போய், “யார் சொல்வது சரி?” என்று கேட்டேன். அவர் பக்கம் சேரவில்லை. ‘புறவிளைவு’ என்னும் பாடத்தை எடுத்தார்.

ஓர் ஆலை தன் உற்பத்திச் செலவில் மூலப்பொருளை எழுதுகிறது, கூலியை எழுதுகிறது, மின்கட்டணத்தை எழுதுகிறது. கறுத்துப்போன வலையும் கொட்டப்பட்ட மீனும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அச்செலவை வேறொருவர் சுமக்கிறார். ஆர்தர் பிகூ என்னும் அறிஞர் 1920இல் இதை விரிவாக ஆராய்ந்து, அத்தகைய செலவை உண்டாக்குபவர் மீதே வரி விதிக்கலாம் என்றார். ரொனால்டு கோஸ் 1960இல் வேறு வழி காட்டினார். உரிமை யாருடையது என்று தெளிவாகி, பேசி முடிக்கும் செலவும் குறைவாக இருந்தால், இரு தரப்பும் தாமே உடன்பாட்டுக்கு வரலாம் என்றார். ஆயிரக்கணக்கான மீனவர் ஒருபுறமும் பல ஆலைகள் மறுபுறமும் இருக்கும் இடத்தில் அப்படிப் பேசி முடிப்பது எளிதா என்று அக்கா எங்களைக் கேட்டார்.

“யார் எவ்வளவு இழந்தார்கள், யார் எவ்வளவு பெற்றார்கள் என்பது உண்மை பற்றிய கேள்வி. அதை எண்ணிப் பார்க்கலாம். யார் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நியாயம் பற்றிய கேள்வி. அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போகாதீர்கள்” என்றார். வீட்டில் சண்டை ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அதன்பின் இருவரும் கணக்குச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

6. பெற்றோர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

டியூஷன் என்பதும் விலைக்கு விற்கப்படும் ஒரு பொருளே. இதில் ஒரு சிக்கல் உண்டு. விற்பவருக்குத் தம் தரம் தெரியும், வாங்கும் பெற்றோருக்குத் தெரியாது. பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கிய ‘தகவல் சமமின்மை’ இதுதான். அவர் 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். தரம் தெரியாதபோது வாங்குபவர் வேறு அடையாளங்களைத் தேடுவார். பெரிய பலகை, நாற்பது செருப்பு கிடக்கும் வாசல், மிகுந்த கட்டணம் ஆகியவற்றைப் பார்த்து ஏமாறுவார். என் தாயார் ஏமாந்ததும் அவ்வாறே.

இன்னொரு சிக்கலும் உண்டு. வகுப்பில் கற்பிப்பவரே மாலையில் அதே மாணவருக்குக் கட்டணம் பெற்றுக் கற்பித்தால், வகுப்பில் குறைத்துச் சொல்லத் தூண்டுதல் ஏற்படும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுப்பது இதனால்தான் பொருத்தமாகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நல்ல டியூஷனைக் கண்டறிய நான்கு வழிகள் உண்டு என்பேன். ஒன்று, பிள்ளையிடம் “இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்” என்று கேட்க வேண்டும். தாய்க்குப் புரியும்படி பிள்ளை சொன்னால் ஆசிரியர் நல்லவர். இரண்டு, நோட்டைப் புரட்டி ஒரே நீளமாக எழுதியிருக்கிறதா, அடித்துத் திருத்திப் போட்ட கணக்கும் படமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடித்தல் திருத்தல் உள்ள நோட்டே உழைத்த நோட்டு. மூன்று, ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பணம் தரலாமா என்று கேட்க வேண்டும். நான்கு, ஆறு மாதம் கழித்துப் பிள்ளை தானே புத்தகம் எடுத்துப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் தேவையைத் தானே குறைத்துக்கொண்டு வருபவர்தான் நல்ல டியூஷன் ஆசிரியர். வியாபாரத்துக்கு இது நட்டம், கல்விக்கு இலாபம்.

7. விடையை மாணவனிடமே விடுதல்

இறுதியாக, நான் தவறிய இடத்தைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவன் 2025இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினான். பொருளியலில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் யார்டு வேலைக்குப் போகிறேன் என்றான். எனக்குக் கோபம் வந்தது. ‘வாய்ப்புச் செலவு’ பாடத்தையே கையில் எடுத்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே வாய்ப்புச் செலவு. அவனை எதிரே அமர்த்தி நானே கணக்கு எழுதினேன்.

நாள் கூலி 600 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 15,000 ரூபாய். மூன்றாண்டில் 5,40,000 ரூபாய். கல்லூரிக்கு வந்தால் இழப்பது இதுவே. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் நம் வடசென்னைப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பெற்றது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. அதன்படி அவனுக்கு மூன்றாண்டில் 36,000 ரூபாய் கிடைக்கும். பட்டம் பெற்றபின் நாற்பதாண்டு உழைப்பில் கூடும் ஊதியத்தை மறுபக்கம் எழுதினேன். “பார், படிப்பதே இலாபம்” என்று அடிக்கோடிட்டேன்.

அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, எங்கம்மா வாங்குன கடன நீங்க எழுதவே இல்லையே.”

தகப்பனார் மருத்துவச் செலவுக்காக 60,000 ரூபாய், ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. நான் பெருமையோடு எழுதிய மூன்றாண்டு உதவித்தொகை அவர்களுக்கு ஓராண்டு வட்டிக்குத்தான் காணும். அசல் அப்படியே நிற்கும். அவன் கணக்கில் பிழை இல்லை. என் கணக்கில்தான் ஒரு வரி விடுபட்டிருந்தது. கேட்காமல் நானே எழுதியதால் விடுபட்டது.

அக்காவிடம் சென்று சொன்னேன். “நீ விடையை முதலில் வைத்துக்கொண்டு கணக்கைப் பிறகு எழுதியிருக்கிறாய்” என்றார். பின்பு அவனையும் அவன் தாயாரையும் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஐந்து வட்டிக் கடனை மகளிர் குழுக் கடனாக மாற்ற முடியுமா, விசாரித்தீர்களா?” குழுக் கடனின் வட்டி இதில் ஒரு சிறு பகுதியே. அவர்கள் விசாரித்திருக்கவில்லை. அந்த இரவு அவனே புதிதாகக் கணக்குப் போட்டான். ஓராண்டு யார்டில் உழைத்து அசலில் பாதியை அடைப்பது, மீதியைக் குழுக் கடனாக மாற்றுவது, அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்வது என்று எழுதிக்கொண்டு வந்தான்.

இப்போது அவன் யார்டில்தான் இருக்கிறான். குழுக் கடனுக்கு அவன் தாயார் விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் வரவில்லை. ஓராண்டு வேலைக்குப் போனவர் பலர் திரும்பாமலே போனதை நான் எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். ஆகவே எனக்கு அச்சம் உண்டு. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் திண்ணைக்கு வருகிறான். சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு விழுக்காடு சொல்லித் தருகிறான்.

முடிவுரை

நல்ல பொருளியல் ஆசிரியருக்குப் பட்டம் வேண்டும், பாட அறிவு வேண்டும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை தொடக்கம் மட்டுமே. மாணவன் நிற்கும் படியை அறிவது, அவன் ஊரிலிருந்து பாடத்தைத் தொடங்குவது, அவனையே வரையவும் கணக்கிடவும் சொல்லவும் வைப்பது, தெரியாததை ஒப்புக்கொள்வது, நியாயத்தை அவன் தீர்ப்புக்கே விடுவது ஆகிய அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கலாம். அச்சொல் ‘கேட்டல்’. நாற்பது பேருக்கு நோட்ஸ் சொல்பவர் பேசுகிறார். நல்லாசிரியர் கேட்கிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் தெருவில் விழுக்காடு வராததால் பொருளியலில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். வாரத்தில் இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். சூத்திரத்தோடு போகாதீர்கள். “உங்கம்மா இன்னைக்கு என்ன விலைக்கு வித்தாங்க?” என்ற கேள்வியோடு போங்கள். பாடம் அங்கிருந்து தானே தொடங்கும்.